துணிக்கடைப் பணியாளர் நிறுவிய உலகச் சங்கம்

முன்னுரை

ஊருக்கு ஊர் இளைஞர் மன்றங்கள் தோன்றுகின்றன. பெயர்ப்பலகை எழுதப்படுகிறது, திறப்பு விழா நடைபெறுகிறது, சில ஆண்டுகளில் பலகை மட்டுமே எஞ்சுகிறது. என் இளமையிலும் அத்தகைய மன்றம் ஒன்றில் நான் உறுப்பினனாக இருந்தேன். நண்பர்கள் பதின்மர் கூடிப் படிப்பகம் ஒன்றைத் தொடங்கினோம். ஆர்வத்திற்குக் குறைவில்லை. ஆனால் உறுப்பினர் பதிவேடு இல்லை. கூட்ட நடவடிக்கைகளை எழுதும் குறிப்பேடு இல்லை. வரவு செலவு எழுதுவாரும் இல்லை. இரண்டாம் ஆண்டில் சந்தாப் பணம் பற்றி ஐயம் எழுந்தது. எவரும் தவறு செய்யவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆயினும் அதனைக் காட்ட எங்களிடம் ஒரு தாளும் இல்லை. மன்றம் கலைந்தது, நட்பும் கலைந்தது.

நல்லெண்ணம் நிலைத்த நிறுவனமாவது எவ்வாறு என்னும் வினா அன்று முதல் என் உள்ளத்தில் இருந்து வந்தது. அதற்கு விடை கூறும் வாழ்க்கை ஒன்று உண்டு. ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ இளைஞர் சங்கத்தை நிறுவிய சர் ஜார்ஜ் வில்லியம்சின் வாழ்க்கையே அது. அவர் சமயம் வேறு, நம் சமயம் வேறு. எனினும் நல்லறிவு எங்கிருப்பினும் தேடிக் கொள்ளும் மரபினர் நாம் ஆதலின், அவர் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில், டல்வர்ட்டன் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை வீட்டில் 1821 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள் ஜார்ஜ் வில்லியம்ஸ் பிறந்தார். அவ்வுழவர் குடும்பத்தில் ஆண்மக்கள் எண்மர். அவருள் இவரே இளையவர். சிறுவனாக இருந்தபோது இவர் ஓட்டிச் சென்ற வைக்கோல் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது என்றும், உழவுத் தொழில் இவருக்கு ஒத்துவாராது எனக் குடும்பத்தார் அதன்பின் முடிவு செய்தனர் என்றும் வரலாறு எழுதினோர் கூறுவர். 1836 இல் பிரிட்ஜ்வாட்டர் நகரத்துத் துணிக்கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய சமயப்பற்று ஆழ வேரூன்றியது. 1841 இல் இலண்டன் வந்து சேர்ந்தார்.

இலண்டனில் கடை வாழ்க்கை

புனித பவுல் பேராலயத்தை ஒட்டிய வீதியில் ஹிட்ச்காக்-ரோஜர்ஸ் என்னும் பெரிய துணிக்கடை இருந்தது. ஏறத்தாழ 140 இளைஞர்கள் அங்குப் பணியாற்றினர். வில்லியம்சும் அவர்களுள் ஒருவரானார். அக்காலக் கடைப் பணியாளரின் நிலை இரங்கத்தக்கது. காலை ஏழு மணியளவில் தொடங்கும் வேலை இரவு ஒன்பது மணி வரையிலும், சில கடைகளில் அதற்கு மேலும் நீளும். உறங்குவதும் கடையின் மாடியிலேயே. ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுப்பர். தொழிற்புரட்சியால் சிற்றூர்களை விட்டு மாநகர் புகுந்த அவ்விளைஞர்க்கு அறிவுரை கூறப் பெற்றோர் அருகில் இல்லை. மாலைப்பொழுதைக் கழிக்க மதுக்கடையன்றி வேறிடமும் இல்லை. பொருளீட்டச் சென்ற அயல்நாட்டில் ஓரறையில் பலராகத் தங்கி வாழும் நம் பிள்ளைகளின் கடிதங்களைப் படித்த பெரியோர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும்.

வில்லியம்ஸ் சொற்பொழிவாளர் அல்லர்; பேரறிஞரும் அல்லர். உடன் பணியாற்றுவோரை ஒருவர் பின் ஒருவராக அன்பினால் அணுகுவதே அவர் வழி. தம் படுக்கையறையில் சிலரோடு வழிபாட்டையும் சமய உரையாடலையும் தொடங்கினார். சிலர் பலராயினர். நாளடைவில் கடை உரிமையாளர் ஹிட்ச்காக்கும் அவர்கள்பால் ஈர்க்கப்பட்டுத் துணை நின்றார்.

சங்கம் உருவான நாள்

பெரும்பாலானோர் இவ்வளவில் மனநிறைவு கொண்டு நின்றிருப்பர். வில்லியம்ஸ் நிற்கவில்லை. தம் கடையில் நிகழ்ந்தது ஏனைய கடைகளிலும் நிகழ வேண்டும் என எண்ணினார். 1844 மே மாத இறுதியில், எட்வர்ட் பியூமான்ட் என்னும் நண்பரோடு பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தைக் கடந்து நடக்கையில் இவ்வெண்ணத்தை வெளியிட்டார் என்பர்.

1844 ஜூன் 6 ஆம் நாள், வியாழக்கிழமை, கடையின் மாடியறையில் பன்னிருவர் கூடினர். ஒருவர் நீங்கலாக அனைவரும் அக்கடையினரே. அவர்கள் ஒரே திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். நான்கு வெவ்வேறு பிரிவினர். அப்பிரிவுகளிடையே பூசல் மிகுந்திருந்த காலத்தில் அவர்கள் ஒன்றாக அமர்ந்ததே ஒரு புதுமை எனலாம்.

அவர்கள் செய்தவற்றை வரிசையாக நோக்குதல் வேண்டும். சங்கத்தின் நோக்கத்தை வரையறுத்தனர். பெயர் சூட்டினர், அப்பெயரை முன்மொழிந்தவர் வில்லியம்ஸ் அல்லர், கிறிஸ்டோபர் ஸ்மித் என்னும் மற்றோர் உறுப்பினர். செயற்குழு அமைத்தனர். படுக்கையறையைவிட்டு வெளியேறி, லட்கேட் ஹில் பகுதியின் காப்பிக்கடை ஒன்றில் அறையை வாடகைக்கு எடுத்தனர். வேறு கடையில் பணிபுரியும் ஓர் இளைஞன் தயக்கமின்றி வந்து அமர வேண்டுமானால் பொதுவிடம் தேவை என்பதை உணர்ந்திருந்தனர். பொருளாளர் பொறுப்பு ஹிட்ச்காக்கிடம் சேர்ந்தது. 1845 இல் டார்ல்ட்டன் என்பவர் ஊதியம் பெறும் செயலாளராக அமர்த்தப்பட்டார். 1851 இல், தொழிலாளர் நலனுக்காகப் பாராளுமன்றத்தில் போராடிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபு தலைவரானார்.

தொடங்கியவர் தலைமை நாற்காலியில் அமரவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. சங்கம் தமக்குரியது என அவர் எண்ணியிருந்தால் அவர் இலண்டன் கடையோடு அது முடிந்திருக்கும். குழுவிடமும் விதிகளிடமும் ஒப்படைத்தமையால் அது அவரைக் கடந்து வளர்ந்தது.

கடல் கடந்த வளர்ச்சி

இளைஞர்க்கான சொற்பொழிவுகள், நூலகம், படிப்பறை, மாலை வகுப்புகள் எனச் சங்கத்தின் பணிகள் விரிந்தன. 1851 இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சிக்கு உலகெங்கிலும் இருந்து மக்கள் வந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் கனடாவின் மான்ட்ரியாலிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் கிளைகள் தோன்றின. 1855 இல் பாரிசில் ஒன்பது நாடுகளைச் சார்ந்த 99 பேராளர்கள் கூடி, எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான அடிப்படைக் கொள்கையை வகுத்தனர். அக்கூட்டம் நிகழ உழைத்தவருள் ஒருவர், ஜெனீவாச் சங்கத்தைச் சார்ந்த ஹென்றி டுனான்ட். பின்னாளில், 1863 இல் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரே. இளைஞர் மன்றம் ஒன்று எத்தகைய பயிற்சிக்களமாக அமையக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இச்சங்கத்திற்கும் வரம்புகள் இருந்தன. தொடக்கத்தில் அது கிறித்தவ ஆடவர்க்கே உரியதாக இருந்தது. காலப்போக்கில் பல நாடுகளில் மகளிர்க்கும் பிற சமயத்தார்க்கும் அதன் கதவுகள் திறந்தன.

செல்வமும் பொறுப்பும்

1853 இல் வில்லியம்ஸ், உரிமையாளரின் மகள் ஹெலன் ஹிட்ச்காக்கை மணந்தார். பின்னர் அந்நிறுவனத்தின் பங்குதாரராகவும் உயர்ந்தார். வாழ்வு வளம் பெற்றபோதும் சங்கத்தை மறந்தாரில்லை. சங்கத்திலிருந்து செல்வம் தேடினாரும் இல்லை. அவர் கைப்பொருளே சங்கத்திற்குச் சென்றது. 1863 இல் ஹிட்ச்காக் மறைந்தபின் பொருளாளரானார். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு மறைந்தபின், 1886 இல்தான் தலைவரானார்; சங்கம் தோன்றி அப்போது 42 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1894 இல் பொன்விழா நடந்தபோது விக்டோரியா அரசியார் அவருக்கு சர் பட்டம் வழங்கினார். 1905 நவம்பர் 6 ஆம் நாள் தம் 84 ஆம் அகவையில் டார்க்கே நகரில் காலமானார். எந்தப் பேராலயத்தின் நிழலில் கடைப்பணியாளராக வாழ்வைத் தொடங்கினாரோ, அந்தப் புனித பவுல் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தமிழகத்தில்

அப்பன்னிருவர் ஏற்றிய விளக்கின் ஒளி நம் மண்ணையும் எட்டியது. சென்னையில் 1890 இல் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கப்பட்டது. 1920 இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இயங்கி வருகிறது. நம் கல்லூரி மாணவர் விரும்பி ஆடும் கூடைப்பந்து 1891 இலும், கைப்பந்து 1895 இலும் அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. பணியாளர்களால் உருவாக்கப்பட்டவை என்பது பலர் அறியாத செய்தி.

நிறைவுரை

மாணவ நண்பர்களே! நம் மாநிலத்தில் சங்கம் ஒன்றை முறையாக நிறுவ இன்று தெளிவான வழி உண்டு. 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, எழுவர் கூடி நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதிக் கையொப்பமிட்டு, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். உறுப்பினர் பதிவேடும், நடவடிக்கைக் குறிப்பேடும், தணிக்கை செய்த கணக்கும் வைத்திருத்தல் வேண்டும். இவற்றை வெறும் தாள் வேலை என எண்ணற்க. கணக்கேடு ஐயத்தை அகற்றும். விதி பூசலைத் தடுக்கும். தேர்தல், தொடங்கியவர் விலகிய பின்னும் மன்றத்தை வாழவைக்கும்.

எங்கள் படிப்பகத்தில் பதின்மர் இருந்தோம்; அம்மாடியறையில் இருந்தோர் பன்னிருவர். எண்ணிக்கையில் வேறுபாடு பெரிதன்று. அவர்கள் நல்லெண்ணத்திற்கு ஓர் அமைப்பைத் தந்தனர். நாங்கள் தரத் தவறினோம். உங்களுள் எழுவரேனும் அத்தவற்றைச் செய்யாது தொடங்குவீராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.