மேதையைக் கண்டெடுத்த ஆசிரியர்கள்

கணித மேதை கார்ல் பிரடெரிக் காஸ் என்றதும் பலருக்கும் ஒரு சிலேட்டுக் கதைதான் நினைவுக்கு வரும். 1 முதல் 100 வரை கூட்டச் சொன்னாராம் ஆசிரியர். சிறுவன் காஸ் மட்டும் 1-ஐ 100-உடனும் 2-ஐ 99-உடனும் இணைத்து, ஐம்பது 101-களின் தொகை 5050 என்று உடனே எழுதி வைத்தானாம். காஸ் மறைந்த மறு ஆண்டு, 1856இல், அவருடைய நண்பர் வெளியிட்ட வரலாற்றில் ஓர் எண் தொடரைக் கூட்டிய செய்தி மட்டுமே உண்டு. நூறு என்ற எண் பிற்காலத்தார் சேர்த்தது. என் மனத்தைத் தொட்டது அந்தக் கணக்கன்று. அதன்பின் ஆசிரியர்கள் செய்த காரியம்.

காஸ் 1777 ஏப்ரல் 30ஆம் நாள் ஜெர்மனியின் பிரவுன்சுவைக் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கெப்ஹார்ட் தோட்ட வேலையும் கொத்து வேலையும் செய்து பிழைத்தவர். தாயார் டொரோதியாவுக்கு எழுதத் தெரியாது. மாலை வேளைகளில் மகனும் நூல் நூற்றாக வேண்டும்.

பள்ளியாசிரியர் பியூட்னர் கண்டிப்புக்குப் பேர்போனவர். ஆயினும் சிறுவனின் திறமையை உணர்ந்ததும், ஹாம்பர்க்கிலிருந்து உயர்நிலைக் கணக்குப் புத்தகம் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். அதையும் அவன் விரைவில் முடித்துவிட, இனித் தாம் கற்பிக்க ஏதுமில்லை என்று ஒப்புக்கொண்டாராம். எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்? துணையாசிரியர் மார்ட்டின் பார்ட்டெல்ஸ் காஸைவிட எட்டு வயதே மூத்தவர். இருவரும் சேர்ந்தமர்ந்து கணிதம் பயின்றனர்.

அடுத்து, தந்தையிடம் பேச வேண்டியிருந்தது. மேற்படிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதானே! புரவலர்கள் கிடைப்பார்கள் என்று நம்பிக்கையூட்டினார் பியூட்னர். தந்தை மனமிரங்கினார், சிறுவனுக்கு மாலை நூற்பிலிருந்து விடுதலை கிடைத்தது.

1788இல் காஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1791இல் பிரவுன்சுவைக் கோமகனின் ஆதரவு கிட்டியது. 1796இல், பதினெட்டு வயதில், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கச் சீர் பல்கோணம் வரையலாம் என்று நிறுவினார். ஈராயிரம் ஆண்டுகளாக யாரும் காணாத உண்மை அது! 1801இல் வெளிவந்த அவரது எண் கோட்பாட்டு நூல் அத்துறைக்கே அடித்தளமானது. பார்ட்டெல்ஸ் பின்னாளில் ரஷ்யாவின் கசான் நகரில் லோபசெவ்ஸ்கி என்ற இன்னொரு மேதைக்கும் ஆசிரியரானார்.

வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இவ்வரலாறு வெறும் கதையாகத் தோன்றவில்லை. நான்காம் ஆண்டிலேயே ஆறாம் ஆண்டுக் கணக்கைப் போடும் பிள்ளை, மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியரிடம் சொன்னால் பெருமையடிப்பதாக நினைப்பாரோ எனப் பெற்றோர் தயங்குகிறார்கள். நாற்பது பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியருக்கோ நேரமில்லை. பேச்சு தொடங்குவதே இல்லை.

காஸுக்குக் கிடைத்தவை மூன்று: தகுந்த புத்தகம், உடன் படிக்க ஒருவர், மாலையில் ஓய்வு நேரம். பாராட்டு மட்டும் போதாது, தோழர்களே. நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம், பெற்றோராவோம். அந்தப் பேச்சை முதலில் தொடங்குபவர் நாமாக இருப்போம்.