வீணை வித்துவான் காரைக்குடி சாம்பசிவ ஐயர்

ஆண்டு விழா மலர்களில் பெரியோர் ஒருவரின் வரலாறு இடம்பெறுதல் நல்லதொரு வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது, விரல்களையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்த ஓர் இசைவாணரின் வரலாறு. இதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளிற் சிலர் கீபோர்டும், சிலர் மிருதங்கமும் பழகி வருகின்றனர். அவர்கள் அனைவரின் ஆசையும் ஒன்றே: விரல் விரைந்து ஓட வேண்டும், அதுவும் நாளைக்கே ஓட வேண்டும்! விரைவு எங்கே பிறக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்ளச் சாம்பசிவ ஐயரவர்களின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் கலைகளைப் பேணி வளர்த்த நாடு. அதன் தலைநகரை ஒட்டியுள்ள திருக்கோகர்ணம், பிருகதாம்பாள் உறையும் திருத்தலம். அங்கே தலைமுறை தலைமுறையாக வீணையே தொழிலாகவும் வழிபாடாகவும் கொண்டிருந்த குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. அக்குடும்பத்துச் சுப்பையா ஐயர் என்னும் வைணிகருக்கு 1883ஆம் ஆண்டில் சுப்பராம ஐயரும், 1888ஆம் ஆண்டில் சாம்பசிவ ஐயரும் மைந்தர்களாகத் தோன்றினர். தந்தையே இருவருக்கும் குரு, வீடே குருகுலம். பின்னர்ச் செட்டிநாட்டின் காரைக்குடியிற் குடியேறிய இவர்கள், அவ்வூர்ப் பெயராலேயே காரைக்குடிச் சகோதரர்கள் என நாடறிய விளங்கினர்.

தமையனார் வீணையை நிமிர்த்தித் தோளோடு சாய்த்து வாசிப்பார். தம்பியார் எல்லோரையும் போல மடியிற் கிடத்தி வாசிப்பார். பார்வைக்கு இருவரும் இரு வகை. செவிக்கோ ஒரே வீணை. புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளையவர்களின் மிருதங்கம் இவர்கள் கச்சேரிகளுக்குத் துணையாய் அமைந்து பெரும்புகழ் சேர்த்தது.

இரண்டு வீணைகள் ஒரே ஸ்வரக் கோவையை ஒருங்கே வாசிப்பது எளிதன்று. ஒருவர் தனித்து வாசிக்கும்போது விரல் சற்றே முந்தினாலும் பிந்தினாலும் அது கேட்போர் காதில் விழாமலே போகலாம். இருவர் சேர்ந்து வாசிக்கும்போதோ மயிரிழை வேறுபாடும் உடனே வெளிப்பட்டுவிடும். ஆகவே சகோதரர் இருவர்க்கும் விரைவு என்பது ஒருவரையொருவர் முந்தும் ஓட்டப் பந்தயமாக இருக்க இயலாது. அண்ணன் விரலும் தம்பி விரலும் ஒரே கணத்தில் ஒரே மெட்டில் விழ வேண்டும். அளவு தவறாத விரைவு ஒன்றே அங்குச் செல்லும்.

அத்தகைய விரைவை அடையும் வழியை நம் முன்னோர் பாடத்திட்டத்திலேயே அமைத்து வைத்துள்ளனர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு தாள அலங்காரம் ஆகிய அனைத்தையும் மாணவர் மூன்று காலங்களில் வாசிக்க வேண்டும். தாளம் மாறாது நிற்கும். முதற் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு 1 ஸ்வரம். இரண்டாம் காலத்தில் 2. மூன்றாம் காலத்தில் 4. விரைவைக் கூட்டும் உரிமை விரலுக்கு மட்டுமே உண்டு, தாளத்திற்கு இல்லை. மூன்றாம் காலத்தில் ஓர் ஒலி மழுங்கினால் முதற் காலத்திற்கே திரும்ப வேண்டும். மெதுவாக வாசிக்கையில் கை எதைப் பழகுகிறதோ அதையே விரைவிலும் செய்யும். பிழையோடு பழகினால் பிழையும் நான்கு மடங்காகும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி வீணைக்கென்றே பிறந்தது போலும்!

மேனாட்டாரும் இவ்வுண்மையை உணர்ந்தவரே. வியன்னா நகரில் 1791இல் பிறந்து 1857இல் மறைந்த கார்ல் செர்னி என்பார், பீத்தோவனிடம் பயின்றவர். லிஸ்ட் என்னும் பெரும் பியானோக் கலைஞருக்கு ஆசிரியர். பியானோவில் விரல் விரைவு பெறுவதற்கென்றே 40 பயிற்சிகள் அடங்கிய நூலொன்றை அவர் இயற்றினார். இன்றும் உலகெங்கும் பியானோ பயில்வோர் அதனை வாசிக்கின்றனர். அவர்கள் ஆசிரியர்களும், முதலில் மெல்ல வாசித்து, ஒலி தெளிந்த பின்னரே விரைவைக் கூட்டுமாறு பணிக்கின்றனர்.

ஆயினும் வீணைக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் உண்டாகும். அதன்பின் விரல் அந்த ஸ்வரத்தை அசைக்க இயலாது. வீணையிலோ 24 மெட்டுகளின்மீது செல்லும் தந்தியை இழுத்தும் அசைத்தும் கமகம் உண்டாக்க வேண்டும். விரைவு மிகுந்தால் கமகம் தேயும்; கமகம் மிகுந்தால் விரைவு தளரும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதே வைணிகரின் திறமை. இடக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி வைக்காமல் பிரித்து, ஒன்று ஒரு மெட்டில் நிற்க மற்றொன்று அடுத்த மெட்டைத் தொடும் முறை காரைக்குடிப் பாணியின் சிறப்புகளுள் ஒன்று. இதனாற் கை வீணாக அலைவது குறைகிறது. குறைந்த அசைவே நிறைந்த விரைவுக்கு வித்து. வலக்கையின் அழுத்தமான மீட்டும், இடையறாத தானமும் இப்பாணிக்குப் பெருமை சேர்ப்பவை.

1936ஆம் ஆண்டில் சுப்பராம ஐயர் மறைந்தார். அப்போது சாம்பசிவ ஐயருக்கு வயது நாற்பத்தெட்டு. இளமை தொட்டு இன்னொரு வீணையோடு இணைந்தே ஒலித்த வீணை தனித்து நின்றது. பிறர் அத்துயரில் வீணையை உறையிலிட்டு மூலையிற் சாய்த்திருக்கக்கூடும். ஐயரவர்களோ மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் வாசித்தார், கற்பித்தார். தமையனாரோடு பழகிய அதே அளவும் அதே ஒழுங்கும் அவர் விரல்களில் நிலைத்திருந்தன.

ருக்மிணி தேவி அம்மையார் 1936இல் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில், அவரது அழைப்பை ஏற்று ஐயரவர்கள் வீணையாசிரியராக அமர்ந்தார். திருக்கோகர்ணத்திலிருந்து காரைக்குடி, அங்கிருந்து சென்னை அடையாறு என ஊர்கள் மாறின, சாதகம் மாறவில்லை. காரைக்குடியில் சிறு குழந்தையாக அவரிடம் வந்து குருகுலவாசம் செய்த ரங்கநாயகி ராஜகோபாலன் (1932–2018), வைகறையிலேயே எழுந்து வீணையும் கையுமாக வளர்ந்தவர். ஆசிரியரின் கண்டிப்பு மிகக் கடுமையானது. இக்காலத்துப் பிள்ளைகளிடம் அக்கடுமை வேண்டா. அவ்வொழுங்கு மட்டும் வேண்டும். தமையனாரின் பேத்தி ராஜேஸ்வரி பத்மநாபனும் ஐயரிடம் பயின்று, பிற்காலத்தில் கலாக்ஷேத்திரத்திலேயே வீணை கற்பித்தார். அவர் உடன்பிறந்த சுப்பிரமணியனை ஐயர் மகவாக ஏற்று, குடும்பக் கலைக்கு வாரிசாக்கினார்.

1952ஆம் ஆண்டு அவருக்குப் பெருமைகள் குவிந்த ஆண்டு. சென்னைச் சங்கீத வித்துவத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் சூட்டியது. நாம் வாழும் இத்தில்லி மாநகரின் சங்கீத நாடக அகாதெமி, தன் முதல் விருதுகளை வழங்கியபோது கர்நாடக வாத்திய இசைக்குத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அரியக்குடி இராமானுஜ ஐயங்காரும், வடநாட்டு மேதை அலாவுதீன் கானும் அவ்வாண்டில் அவரோடு விருது பெற்றவர்கள். 1958ஆம் ஆண்டில் ஐயரவர்கள் இசையுலகைவிட்டு மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி நாம் தலைமுறைகளாக வாழ்ந்த மதராசி கேம்ப் 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் அகற்றப்பட்டது. சிலருக்குத் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு கிடைத்தது. பலருக்கு அதுவும் இல்லை. சுவர்கள் வீழ்ந்தன, அண்டை அயலார் பிரிந்தனர், பிள்ளைகளின் பள்ளி தொலைவாயிற்று. இந்நிலையில் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் நேரம் ஏது என்று தாய்மார் கேட்பது நியாயமே. எனினும், எவராலும் இடிக்க இயலாத வீடு ஒன்று உண்டு. அது பழகிய கையில் இருக்கிறது. மூன்று ஊர் மாறியும் ஐயரின் வீணை கலையாமல் நின்றது அதனாலேயே.

ஆதலின், பெற்றோர்களே, நாள்தோறும் அரை நாழிகையேனும் பிள்ளைகளுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். வாத்தியம் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளே, முதற் காலத்தை நேசியுங்கள்; மூன்றாம் காலம் தானே வந்து சேரும். வைணிகர் சாம்பசிவ ஐயரின் புகழ் ஓங்குக! நம் இளைஞர் கைகளிற் கலை வளர்க!