கார்ல் வில்ஹெல்ம் ஷீலே

நமது இரசாயன சாலையில் வெள்ளி நைத்திரேட்டுக் கரைசல் கபில நிறப் புட்டியில் வைக்கப்பட்டிருத்தல் ஏன் என்று வினவும் மாணவர், ஷீலே என்னும் அறிஞரின் சரிதத்தை அறிதல் வேண்டும்.

இவர் 1742-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, அக்காலத்தில் ஸ்வீடன் தேசத்து ஆளுகைக்குட்பட்டிருந்த ஸ்ட்ரால்ஸுண்ட் நகரில் பிறந்தார். தந்தையாரின் வாணிபம் நொடித்துப்போயிற்று; கலாசாலைக் கல்வி இவருக்கு வாய்க்கவில்லை. பதினான்காம் பிராயத்திலேயே கோத்தன்பர்க் நகரத்து மருந்துச்சாலையொன்றில் பயிற்சியாளராய் அமர்ந்து, எட்டாண்டுகள் தொழிலோடு இரசாயன நூல்களையும் கற்றுச் சோதனைகளும் செய்துவந்தார். பட்டம் பெறாத இவரை 1775-ல் ஸ்வீடன் அறிவியற் கழகம் தன் அங்கத்தினராக ஏற்றது.

1774-ல் மாங்கனீசுக் கனியத்தை உப்புத் திராவகத்தோடு சேர்த்து, மூச்சை முட்டும் மஞ்சட்பச்சை வாயுவொன்றைப் பெற்றார். அது மலர்களின் நிறத்தைப் போக்குதலையும் கண்டார். அதுவே குளோரின். பின்னர் 1785-ல் பெர்த்தோலே என்னும் பிரெஞ்சு இரசாயனி அதனைத் துணி வெளுக்கப் பயன்படுத்தினார். நம் திருப்பூர்ச் சலவைப் பட்டறைகளின் வமிசாவளி ஷீலேயின் மருந்துச்சாலையிலே தொடங்குகின்றது என்பது மிகையன்று.

பிராணவாயுவையும் இவரே முதலிற் கண்டார். ஆனால் நூல் அச்சேறத் தாமதித்து 1777-ல் வெளிவந்தமையால், 1775-லேயே தம் சோதனையை வெளியிட்ட பிரீஸ்ட்லி புகழ் பெற்றார்.

அதே நூலில்தான் புட்டியைப் பற்றிய விடையும் உள்ளது. வெள்ளி குளோரைடைக் காகிதத்திற் பரப்பி, முப்பட்டைக் கண்ணாடியாற் பிரிந்த வெயிலின் வண்ணங்களை அதன்மேல் விழச் செய்தார். ஊதா விழுந்த இடம் மற்றெல்லாவற்றிற்கும் முன்னே கறுத்தது. அக்கருமை வெள்ளி உலோகமே என்றும் நிறுவினார். கபிலக் கண்ணாடி ஊதாவையும் நீலத்தையும் பெரிதும் தடுத்துவிடும். நீலப் புட்டி கண்ணுக்கு அழகியதே. ஆயினும் ஊதாவுக்கு அது திறந்த வாயிலாம். கபிலப் புட்டியையும் சன்னலோரத்தில் வையாது அலமாரிக்குள் அடைத்தலே முறை.

பனியன் துணி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒளிபட்டால் நீராகவும் பிராணவாயுவாகவும் சிதையும். ஆதலின் ஒளி புகாத கலத்தில், வாயு வெளியேற வழியுள்ள மூடியிட்டு, குளிர்ந்த நிழலில் வைக்கப்படும். வெயிலிற் கிடந்த கலத்தின் சரக்கு வீரியம் குன்றித் துணியை வெளுக்காது; நட்டம் பட்டறைக்காரருக்கே.

ஷீலே தம் இறுதிப் பதினோராண்டுகளைக் கோப்பிங் என்னும் சிற்றூரின் மருந்துச்சாலையிற் கழித்தார். அச்சாலையின் முந்தைய உரிமையாளரது விதவையை, மரணத்திற்குச் சில நாட்களுக்கு முன் மணந்து, தம் உடைமை அவரையே சேரும்படி செய்தார். 1786 மே 21-ல் காலமானபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.