பறவை நூல் தேடிய கண்வைத்தியர்

ஏடு தேடி ஊரூராய் அலைந்த பெரியோரின் வரலாறு தமிழ் மக்களுக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், செல்லரித்த சுவடிகளை ஒப்புநோக்கிக் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சேற்றிய வரலாற்றை நம் மாணவர் வகுப்பிலே படித்திருக்கின்றனர். மேனாட்டில் அத்தகைய தேட்டத்திலே தம் முதுமையைச் செலவிட்டவர் வைத்திய கலாநிதி கேசி ஆல்பேட் வூட் என்பார். அவர் தேடியவை இலக்கண இலக்கியங்களல்ல. பறவைகளைப் பற்றிய பழைய நூல்களும் ஓவியங்களுமாம். பறவையியலாரிடையே பெரும்பெயர் படைத்த இவரை நம்மவர் அதிகம் அறியார். கண்டியிலே தங்கி வாழ்ந்தவரும், சென்னையிலே தீட்டப்பட்ட அரும்பெரும் ஓவியத் தொகுதியொன்றைக் குப்பையினின்று மீட்டவருமாகிய ஒருவரை நாம் அறியாதிருத்தல் தகாது.

வூட் 1856 ஆம் ஆண்டு கனடா தேசத்தில், ஒன்ராறியோ மாகாணத்து வெலிங்டன் என்னும் ஊரிலே பிறந்தார். மொன்றியல் நகரிலே மருத்துவங் கற்று 1877 இல் பட்டம் பெற்றார். அக்காலத்திலே அந்நகரில் ஆசிரியராயிருந்த வில்லியம் ஒஸ்லரின் தொடர்பு இவருக்குக் கிட்டியது. ஒஸ்லர் மருத்துவத்திற் சிறந்தவர். பழைய மருத்துவ நூல்களைச் சேர்ப்பதிலும் தீராத வேட்கை உடையவர். தாம் சேர்த்தவற்றையெல்லாம் மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தவர். ஆசிரியரின் பாடத்தை மறந்த மாணவரும் அவர் பழக்கத்தைப் பற்றிக்கொள்வதுண்டு. வூட் இரண்டையும் பற்றிக்கொண்டார்.

1890 இல் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காக்கோ நகரிற் குடியேறிய வூட், கண்வைத்தியத்திலே பெரும் புகழ் எய்தினார், பேராசிரியராயும் விளங்கினார். கண்மருத்துவக் கலைக்களஞ்சியம் ஒன்றைப் பதினெட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். முதலாம் உலகப்போரிலே அமெரிக்கப் படையின் மருத்துவப் பகுதியிற் பணியாற்றினார். இவற்றை விரிப்பிற் பெருகும்.

நமக்கு வேண்டுவது, மனிதர் கண்ணை ஆராய்ந்தவர் பறவையின் கண்ணுக்கு எவ்வாறு சென்றார் என்பதே. வானத்தின் உச்சியிற் சுழலும் பருந்து நிலத்திலோடும் சிற்றெலியைக் காண்கின்றது. பார்வை கூர்மையுறும் குழி மனிதர் விழித்திரையில் ஒன்றே. பருந்தினத்துக்கோ ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு உண்டு. இவ்வேறுபாடுகளை அறிய விரும்பிய வூட், விழியின் உட்புறத்தைக் காட்டும் கருவிகொண்டு பல்வேறு பறவைகளின் கண்களைச் சோதித்தார். ஆதர் ஹெட் என்னும் ஓவியர் அக்காட்சிகளை வண்ணத்திலே வரைந்துதவினார். 1917 இல் வெளிவந்த அந்நூல், வைத்தியர்க்கும் பறவையியலார்க்கும் ஒருங்கே பயன்பட்டது.

பின்னர் அவருடைய நாட்டம் நூல்களின்மேற் சென்றது. 1920 அளவிலே மக்கில் பல்கலைக்கழகத்திலே தம் மனைவியாரின் பெயரால் எம்மா ஷியரர் வூட் பறவையியல் நூலகத்தை நிறுவினார். அதே காலத்தில் பிளாக்கர் என்னும் செல்வரின் பொருளுதவியால் விலங்கியல் நூலகமும் எழுந்தது. இவ்விரண்டுக்கும் நூல் தேடும் பொருட்டு வூட் கடல்கடந்து திரிந்தார். தாம் சேர்த்தவற்றைத் தம் வீட்டு அலுமாரியிற் பூட்டிவையாது மாணவர் கையிற் சேர்ப்பித்தமையே இவரைச் செல்வர் பலரினின்றும் வேறாக்குவது.

பழைய பறவை நூல் சேர்ப்பதிலுள்ள நுட்பத்தைச் சிறிது கூறுதல் வேண்டும். சென்ற நூற்றாண்டுகளில் இத்தகைய பெருநூல்கள் ஒருங்கே வெளிவரவில்லை. பகுதி பகுதியாக, முன்பணம் கட்டியோருக்கு அனுப்பப்பட்டன. நம் நாட்டுப் பறவைகளைப் பற்றி லெக் என்னும் படையதிகாரி எழுதிய பெருநூலும் 1878 முதல் 1880 வரை அவ்வாறே வெளிவந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கடதாசி மேலுறை உண்டு. திகதி அதிலேயே இருக்கும். நூல் கட்டுவோர் பகுதிகளைச் சேர்த்துத் தோலட்டை கட்டும்போது மேலுறையை வீசிவிடுவர். ஓர் உயிரினத்துக்கு முதலில் வெளியான பெயரே செல்லும் என்பது விலங்கியலார் விதி. ஆதலின், வீசப்பட்ட மேலுறையோடு ஒரு பறவையின் பெயர் வழக்கிற்கான சான்றும் தொலைந்துபோகும். போதாததற்கு, வண்ணப்படங்களைக் கிழித்தெடுத்துச் சட்டமிட்டு விற்கும் வணிகரும் உளர். புத்தகத்தைக் கூறுபோட்டு விற்றல், தறித்த மரத்தை விறகாக விற்பதை ஒக்கும். முழுமையான படியை வூட் வற்புறுத்தித் தேடியதன் காரணம் இதுவே.

அவர் நூலகத்துக்குச் சேர்ந்தவற்றுள் இரண்டைச் சிறப்பாக எடுத்துரைக்கலாம். ஒன்று, மிலான் நகரிலே 1618 இல் தியோனீசியோ மினாஜியோ என்னும் தலைமைத் தோட்டக்காரர் ஆக்கிய இறகுப் புத்தகம். அதிலுள்ள 156 படங்களும் பறவை இறகுகளை ஒட்டியே ஆக்கப்பட்டவை. பெரும்பாலானவை பறவைகள்; எஞ்சியவை வேடர், தொழிலாளர், இசைவாணர், நாடகக் கூத்தர் ஆகிய மானிடர். அக்கால மிலான் மக்களின் உடையும் தொழிலும் பறவையின் இறகிலே பதிந்து நிற்கின்றன. சில பறவைகளுக்கு உண்மையான அலகும் நகமும் உண்டு. நானூறு ஆண்டு கடந்தும் அவை அழியாதுள்ளன.

மற்றையது நமக்கு அணுக்கமானது. 1924 இல் இலண்டன் பழம்பொருள் வணிகரொருவரிடம், தூசி படிந்த பெரிய கோப்பொன்றை வூட் கண்டார். திறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட பறவை ஓவியங்கள். அவற்றுட் பல உயிர்ப்பறவையின் அளவினவாகத் தீட்டப்பட்டவை. வரைந்தவர் யார் என்று அக்காலத்துப் பறவையியலார் அறியார். வூட் விடாது வினாவிச் சென்று, அவர் எலிசபெத் குவிலிம் என்னும் பெண்மணி எனக் கண்டார். சென்னை உயர்மன்றிலே நீதிபதியாயிருந்த சேர் ஹென்றி குவிலிமின் மனைவி அவர். 1801 இல் சென்னை சேர்ந்து, தெலுங்கு கற்று, அந்நகர்ப் பறவைகளை இறகுக்கு இறகு பிசகாது தீட்டி, 1807 இல் அங்கேயே இறந்து, புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்கப் பறவை ஓவியத்துக்குப் பேர்போன ஓடுபன் தமது பெருநூலை வெளியிடத் தொடங்கியது 1827 இல். அதற்கு இருபதாண்டு முன்னரே இப்பெண்மணி பணியை முடித்துக் கண்மூடிவிட்டார்! 1925 இல் ஆங்கிலப் பறவையியற் சஞ்சிகையிலே வூட் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெயரற்றிருந்த ஓவியர் அன்று மீண்டும் பெயர் பெற்றார். அவருடைய 121 பறவை ஓவியங்கள் இன்றும் மக்கிலில் உள. அவரையும் அவர் தங்கையாரையும் பற்றிய ஆய்வுநூலொன்று 2023 இல் வெளிவந்துள்ளது.

சென்னைப் பறவைகள் மொன்றியலிலே கிடப்பதா என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. வூட் இலங்கைக்கும் வந்து கண்டியிலே தங்கி, இங்குள்ள ஓலைச்சுவடிகளையும் தேடிச் சேர்த்தனுப்பினார் என்பதை அறியும்போது அக்கேள்வி நம்மையும் தொடுகின்றது. எனினும், 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்கள் சுவடிகளோடு சாம்பலானதைக் கண்ட நாம், எங்கேனும் ஓரிடத்தில் ஒரு படியாவது இருத்தல் எத்துணைப் பேறு என்பதை உணர்வோம். அயலூர்க்குச் சென்றது மீளலாம், எரிந்தது மீளாது. வூட் சேர்த்தது மட்டும் செய்திருப்பின் அவரை இவ்வளவு பாராட்டேன். இன்ன நூல், இன்ன ஆண்டு, இன்ன பகுதி குறைவு என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்து குறிப்பெழுதி, 1931 இல் முதுகெலும்பு விலங்குகளைப் பற்றிய நூல்களுக்கு வழிகாட்டியாகப் பெரும் பட்டியலொன்றை வெளியிட்டார். அது தேடுவார்க்கு இன்றும் துணை. கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் மொன்றியல் செல்லும்போது மக்கிலின் அரும்நூற் பகுதியை ஒருமுறை எட்டிப் பார்ப்பாராக.

எழுபது வயது கடந்தபின்னும் அவர் ஓய்ந்திலர். உரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்திலே அமர்ந்து, பழைய கண்மருத்துவ நூல்களை ஆங்கிலத்திலே பெயர்த்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தி, வல்லூறு கொண்டு வேட்டையாடுங் கலையைப் பற்றி இலத்தீனிலே எழுதிய பெருநூலை, மார்ஜரி ஃபைஃப் என்னும் பெண்மணியுடன் சேர்ந்து, பல சுவடிகளை ஒப்புநோக்கி மொழிபெயர்த்தார். கண்ணால் கண்டதையே நம்பி, அரிஸ்தோத்தில் கூற்றையும் மறுக்கத் துணிந்த அச்சக்கரவர்த்தியின் நூல், கண்வைத்தியர் கையிற் கிடைத்தமை பொருத்தமே. பணி நிறைவுற்றது, அச்சு வேலை நீடித்தது. 1942 சனவரியிலே கலிபோர்னியாவில் வூட் காலமானார். நூல் 1943 இலே வெளிவந்தது.