பகைவர் மகனுக்கும் ஒரு மன்றாட்டு

ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடக்கும்போது, டென்சில் கொப்பேகடுவவின் வாழ்வு நம்மைச் சிந்திக்க அழைக்கிறது. 1940இல் பிறந்த அவர், கண்டி திரித்துவக் கல்லூரியில் றக்பி கால்பந்தாட்ட வீரராக விளங்கினார். மைதானத்தில் பகை, ஆட்டம் முடியும்வரையே. பின்னர் இரு அணியினரும் கைகுலுக்கிப் பிரிவர்.

1960இல் அவர் இராணுவத்தில் சேர்ந்தார். 1991 யூலை 10ஆம் நாள் விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமைத் தாக்கி முற்றுகையிட்டபோது, மீட்பு நடவடிக்கைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. படையினர் வெற்றிலைக்கேணியில் தரையிறங்கினர். ஏறத்தாழ 12 கிலோமீற்றர் மணல்வெளியைக் கடந்து முகாமை அடைய மூன்று வாரமளவு சென்றது. இருபுறமும் நூற்றுக்கணக்கான இளைஞர் மாண்டனர். அங்கே கைகுலுக்கிப் பிரிந்தவர் எவருமில்லை.

மறு ஆண்டு, 1992 ஓகஸ்ட் 8ஆம் நாள், அராலித்துறையில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு, 52ஆம் வயதில் அவரது உயிரையும் பறித்தது.

சிலுவையில் தொங்கியபடியே ஆண்டவர், தம்மை அறைந்தவர்களுக்காக மன்றாடினார். பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் தாய்மாருக்கு அவ்வழி மிகக் கடினமானது. ஆயினும் இன்றிரவு குடும்பச் செபமாலையில், நம் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னபின், பெயரறியாத ஒரு சிங்களத் தாயின் மகனுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வோமா?