கண்டிச் சிறையில் ஒரு முனிவர்

இன்று கண்டிமாநகர்க்குச் செல்வோர், தலதா மாளிகையின் முன்னர்ப் பரந்து கிடக்கும் வாவியைக் கண்டு மகிழ்வர். அவ்வாவி 1807ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் அவ்விடம் வயலாய்க் கிடந்தது. சுற்றிலும் மலை, மூன்று புறமும் மகாவலி, கணவாய்தோறும் அரசனது காவல். வேற்று நாட்டார் உட்புகுதல் அரிது. புகுந்தபின் மீளுதல் அதனினும் அரிது. 1660ஆம் ஆண்டிற் பிடிபட்ட ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ் தப்பியோடுதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன என்பதை நாம் சரித்திரத்திற் படித்திருக்கின்றோம். அத்தகைய நகருக்கு 1692ஆம் ஆண்டிலே, ஒற்றன் என்ற பழியைச் சுமந்தவராய்க் கொண்டுவரப்பட்டார் ஓர் ஏழைத் துறவி. அவரே யோசேவாஸ் அடிகளார்.

அடிகளார் கோவா நாட்டிலே பெனோலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு சித்திரைத் திங்களிற் பிறந்தவர். கொங்கணி பேசும் கத்தோலிக்கப் பிராமண குலத்தினர். 1676ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயரோடு அவர்தம் குருமாரையும் அகற்றிவிட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுத்தல் பெருங் குற்றமெனச் சட்டம் வகுத்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பூசையுமில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பாருமில்லை. மேய்ப்பனில்லாத அம்மந்தையை நினைந்து அடிகளாரின் உள்ளம் உருகியது.

1687ஆம் ஆண்டில், யோவான் என்னும் ஏவலாளனோடு, பிச்சைக்காரர் கோலத்தில் அவர் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சேர்ந்ததும் அவரை வரவேற்றது வயிற்றுக்கடுப்பு நோய். வேற்றூரில், ஒரு குடிசையிற் கிடந்து வருந்தியவருக்கு ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்து உயிர் காத்தாள். எழுந்து நடக்க வலியுற்றதும் கழுத்திற் செபமாலையை வெளிப்பட அணிந்து வீடுவீடாய்ப் பிச்சை ஏற்றார். செபமாலையைக் கண்டு முகமலர்ந்தோரை நோக்கி, இவர் நம்மவர் என உணர்ந்துகொண்டார். பின்னர்ச் சில்லாலை ஊரவர் அவரை ஒளித்து வைத்துக் காத்தனர்.

அடிகளாரின் வாழ்விலே மிகக் கடிய சோதனை எதுவென வினவின், சிறை என்றே பலரும் சொல்வர். எனக்கோ 1689ஆம் ஆண்டு நத்தார் இரவே அதுவெனத் தோன்றுகிறது. அவ்விரவில் ஒல்லாந்தப் படையினர் கத்தோலிக்கர் கூடியிருந்த வீடுகளைச் சூழ்ந்துகொண்டனர். பலர் பிடிபட்டனர், சிலர் கசையடி பட்டனர், அவ்வடியினால் ஒருவர் உயிரும் நீத்தார். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. தம்பொருட்டுப் பிறர் அடிபடத் தாம் தப்பியிருத்தல் அன்புடையார்க்கு எத்துணைப் பெருந்துயர்! தான் படும் துன்பத்தைத் தாங்குதற்கு மனத்திண்மை போதும். தன்னால் பிறர் படும் துன்பத்தை நெஞ்சிற் சுமந்துகொண்டு, பின்னும் கடவுள் நல்லவர் என்று நம்புதற்கு மனத்திண்மை மட்டும் போதாது. அடிகளார் கோவாவுக்குத் திரும்பிவிடவில்லை. அடிபட்டோர் எந்த நம்பிக்கைக்காக அடிபட்டனரோ அதனையே தம் தோளில் ஏற்றுப் புத்தளஞ் சென்றார். அங்கிருந்து கண்டிக்குப் புறப்பட்டார்.

அக்காலத்துக் கண்டியை ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன். அவனது அவையிலிருந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன், கல்வின் மதத்தைச் சார்ந்தவன், வருபவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என அரசனுக்கு உரைத்தான். விளைவு, சிறை. ஒல்லாந்தரிடமிருந்து தப்பி வந்தவர், புகலிடமென நம்பி வந்த நாட்டிலேயே கைதியானார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்தித்தல் தகும். கடவுளை நம்பினோர்க்குத் துன்பம் அணுகாது என்பது பலரது எண்ணம். விவிலியத்திலே யோபுவின் நண்பர்களும் அவ்வாறே எண்ணினர். அவர் எண்ணம் பிழைபட்டது. அடிகளாரின் நம்பிக்கை வேறு வகையது. சிறைக்கதவு திறக்கப்படும் என்று நாளெண்ணி இருந்தாரல்லர். கதவு அடைத்திருக்கும்போது செய்யத்தக்கது யாதென நாடினார். அவர் கண்ட முதல் வேலை மொழி. சிறையிலிருந்தே சிங்களத்தைக் கற்றார். தமிழை முன்னரே பயின்றிருந்தார். பின்னாளில் இவ்விரு மொழிகளுமே அவரது தொண்டுக்கு இரு கைகளாயின. நாளடைவிற் காவல் தளர்ந்தது. சிறைமுற்றத்திற் குடிலொன்று அமைத்து, மரச்சிலுவை நாட்டி வழிபட்டார். நகரிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராய் வந்து கூடினர். அவரை ஒற்றரெனக் கருதிய அரசனே அவரது தூய வாழ்வைக் கண்டு மனம் மாறினான்.

கண்டியில் ஒருகால் மழை பொய்த்ததென்றும், அரசன் வேண்ட அடிகளார் சிலுவையின்முன் முழந்தாளிட்டு மன்றாட மழை பொழிந்ததென்றும் ஒரு வழக்குண்டு. அவரது வரலாற்றில் மக்கள் மிக விரும்பிக் கேட்பது இதுவே. ஆயின் வேண்டியதும் மழை பெய்யுமாயின் நம்புதல் எளிது. மழை பெய்யாத நாளிலும் நிலைத்து நின்றதே அடிகளாரின் பெருமை. இலங்கைக்கு வந்தபின் ஏறக்குறையப் பத்தாண்டுகள் உடன் குரு ஒருவருமின்றித் தன்னந்தனியராய் அவர் உழைத்தார் என்பதை எண்ணுக.

1697ஆம் ஆண்டிற் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். நோயுற்றோரை உற்றாரே காட்டில் விட்டு ஓடினர். அடிகளாரோ, அண்மையில் வந்து சேர்ந்த தம் மருமகனாகிய யோசேப்பு கர்வாலியோ குருவுடன் அந்நோயாளரைத் தேடிச் சென்றார். ஆளற்ற வீடுகளை மருத்துவசாலையாக்கினார், கஞ்சி காய்ச்சி ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். கிறிஸ்தவர் என்றும் பௌத்தர் என்றும் வேறுபாடு பார்த்தாரல்லர். யாழ்ப்பாணத்துக் குடிசையில் ஒருத்தி வார்த்த கஞ்சியின் கடனைக் கண்டி வீதிகளில் அவர் தீர்த்தார் போலும்!

அவ்வாண்டிலேயே அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வருவித்துப் பௌத்த சங்கத்தைப் புதுக்கியவன் விமலதர்மசூரியன். தன் சமயத்தில் அத்துணைப் பற்றுடைய அவன், அடிகளாருக்குத் தன் நாடெங்கும் தொண்டாற்ற உரிமையளித்தான். அம்மன்னனின் பெருந்தன்மையைக் கூறாதுவிடின் இவ்வரலாறு நிறைவுறாது.

1705ஆம் ஆண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் குரு வந்து சேர்ந்தார். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் யாத்த அப்பெரியார் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், கிறிஸ்துவின் பாடுகளை ஈழத்தமிழர் உள்ளங்களிற் பதித்தது. அடிகளார் நட்டது இவ்வாறு இலக்கியமாகவும் தளிர்த்தது.

ஓயா நடையாலும் நோயாலும் தளர்ந்த அடிகளார், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதிற் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். கைதியாய் வந்த நகரே அவருக்குக் கல்லறையுமாயிற்று. 1995ஆம் ஆண்டிற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிசும் கொழும்புக்கு வந்தபோது, முறையே அவரை முத்திப்பேறு பெற்றவராகவும் புனிதராகவும் உயர்த்தினர்.

வள்ளுவர் பெருமான் இடுக்கணழியாமை எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு உரையாசிரியர் பலர் உரை எழுதினர்; அடிகளார் வாழ்ந்தே உரை கண்டார். துன்பம் நீங்குக என்று வேண்டுதல் குற்றமன்று. நீங்காதவிடத்தும் அத்துன்பத்துள் நமக்கென ஒரு பணி வைக்கப்பட்டிருக்கின்றது என்று நம்பி, அதனைத் தேடிச் செய்தலே அடிகளார் காட்டிய வழி. கண்டி வாவிக்கரையில் நடக்கும் மாணவர், சிறையிலிருந்து ஒரு மொழியைக் கற்றெழுந்த அம்முனிவரை ஒருகணம் நினைப்பாராக.