செந்தானா என்னும் ஓவியர்

குடிபுகுந்த நாட்டைப் பலர் வாடகை வீடாகவே கருதுவர். சிங்கப்பூர்த் தீவைத் தம் சொந்த வீடாகக் கொண்டவர் ஓவியர் ஜார்ஜெட் சென் அம்மையார்.

1906ஆம் ஆண்டு செல்வம் மிக்க சீனக் குடும்பமொன்றில் தோன்றிய அவர், பாரிஸில் வளர்ந்தார். தந்தையார் தொல்பொருள் வணிகர். சன் யாட்சென்னின் புரட்சிக்குப் பொருள் வழங்கியவர். அம்மையார் நியூயார்க்கிலும் பாரிஸிலும் ஓவியம் பயின்றார். சீனத்தின் அயலுறவு அமைச்சராக இருந்த யூஜின் சென்னை 1930இல் மணந்தார். ஜப்பானியர் ஹாங்காங்கைக் கைப்பற்றியபின் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். 1944இல் ஷாங்காயில் கணவர் காலமானார். மறுமணமும் நிலைக்கவில்லை. 1951இல் பினாங்கு வந்து பள்ளி ஆசிரியரானார். பின்னர்ச் சிங்கப்பூரில் குடியேறி, 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஓவியம் கற்பித்தார்.

ஐரோப்பாவின் மெல்லொளியில் பழகிய கண்களுக்கு நிலநடுக்கோட்டு வெயில் எளிதில் வசப்படுவதன்று. உச்சிப்பொழுதில் நிழல்கள் சுருங்கும். எங்கும் பரந்த பசுமை வேறுபாடின்றி ஒன்றாய்த் தோன்றும். அவ்வொளியை வெல்ல முயலாது, அதனோடு இணங்கிச் சென்றது அம்மையாரின் தூரிகை. 1957இல் கோலாலம்பூர்ப் பள்ளிவாசலை வரைந்தார். 1963ஆம் ஆண்டளவில் அவர் தீட்டிய சிங்கப்பூர்த் துறைக் காட்சியில் சரக்குத் தோணிகளும் கடைவீடுகளும் நெருங்கி நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வாற்றின் தோணித் தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தனர் என்பதை நம் மாணவர்கள் அறிதல் நன்று. 1983இல் சரக்குத் தோணிகள் ஆற்றைவிட்டு அகற்றப்பட்டன. அத்துறையின் பழைய ஆரவாரத்தை இன்று அவ்வோவியத்தில்தான் காணவியலும்.

ஒரு நாட்டின் மரங்களை வரைந்துவிட்டு, அந்நாட்டு மக்களின் மொழியைக் கல்லாமலே திரும்பிய கலைஞர் பலருண்டு. அவருள் ஒருவராக அம்மையாரை வைத்தெண்ண இயலாது. பிரெஞ்சும் ஆங்கிலமும் சீனமும் அறிந்திருந்த அவர், நடுவயதில் மலாய் கற்றார். செந்தானா என்னும் மலாய்ப் பெயரையும் சூடிக்கொண்டார். அச்சொல் வேறன்று, நம் சந்தனமே! மலாய் மக்களையும் ரம்புத்தான் முதலிய அவர்தம் கனிகளையும் அன்போடு தீட்டினார்.

1982இல் சிங்கப்பூர் அரசின் பண்பாட்டுப் பதக்கம் பெற்றார். இறுதியாண்டுகளில் மூட்டுவாதம் அவரை வாட்டியது. 1993 மார்ச்சில் மறைந்தார். சிக்லாப் பகுதியிலிருந்த அவர் இல்லத்தில் எஞ்சிய 53 ஓவியங்கள் மறு ஆண்டு அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பெற்றன. இல்லம் விற்ற பணத்தில் ஒரு பகுதி கலை மாணவர் உதவித்தொகைக்கும், ஒரு பகுதி மலாய்ச் சமூகத்தின் நலப்பணிகளுக்கும் சென்றது.